தாய்மாமன் இறக்கிய மண்

ஆண்டிமடம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா இளையபெருமாள் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ராஜேஷும், உன் வயிற்றில் இருக்கும் எங்கள் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. இங்கே நான் நலம், உன் அம்மா நலம் என்று எழுதத்தான் வந்தேன், அம்மாவைப் பற்றிய வார்த்தையை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். மஸ்கட்டில் இருக்கிற பிள்ளைக்கு இந்தக் காலத்தில் கடுதாசி எழுதுகிற கிறுக்கன் யார் என்று சிரிக்காதே, நம் வீட்டுப் போன் உன் அம்மா கையில்தான் இருக்கிறது, இது அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய சங்கதி. நாளை அங்கே விமானம் ஏறும் நம் ஊர் வீரமணியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் தெருமுனையில் மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க்கைச் சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டுமென்று கம்பெனி ஆட்கள் வந்து, பூமிக்குள் இருந்த டேங்குகளைத் தோண்டி எடுத்தார்கள். ஒன்று அடியில் சல்லடையாகக் கிடந்தது, எத்தனை வருஷமாகக் கசிந்ததோ, சுற்றியிருந்த மண்ணெல்லாம் கறுத்துப்போய் நாறியது. அதைத் தார்ப்பாய் போட்டு மூடி, தூரத்தில் கொண்டுபோய்ச் சுத்திகரிக்க வேண்டுமாம். காண்டிராக்டர் அத்தனை தூரம் லாரி ஓட்டுவானேன் என்று, கேட்டவர்களுக்கெல்லாம் டிராக்டரில் சும்மா அடித்துவிட்டான். நம் ஊரில் சும்மா மண் என்றால் சொல்ல வேண்டுமா, மனை இல்லாதவன்கூட வரிசையில் நின்றான். முதல் ஆள் உன் தாய்மாமன் தர்மராஜ். உன் தலைப்பிரசவத்துக்கென்று கொல்லைப்புறம் கட்டிய அறைக்குத் தரை உயர்த்த மண் வேண்டியிருந்ததல்லவா, "மச்சான், இது என் மருமவளுக்கு நான் செய்யிற சீரு" என்று டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினான். ஊரில் மற்ற தாய்மாமன்கள் பட்டும் வளையலும் கொண்டு வருவார்கள், உனக்கு வாய்த்தது இது. நாற்றத்தைக் கேட்டால் "தோண்டுன மண்ணு அப்படித்தான் இருக்கும்" என்றான், பி.காம். படித்த நானும் தலையை ஆட்டிவிட்டு, "பின்னாடி வா, பின்னாடி வா" என்று டிராக்டருக்குக் கை காட்டினேன்.

டைல்ஸ் ஒட்டி அறை முடிந்தது, கதவைத் திறந்தாலே குப்பென்று பெட்ரோல் வாடை. பூனைகூட வாசற்படியோடு திரும்பிவிடுகிறது. மண் எங்கே போனது என்று கம்பெனி என்ஜினியர் வெற்றிச்செல்வி வீடு வீடாகக் கேட்டு வந்தார். சொன்னால் தரையை உடைத்து அள்ளிப் போவார்களே என்று தெருவே வாய் திறக்கவில்லை. தர்மராஜ் கும்பிடு போட்டான், "மச்சான், வாயத் தொறந்துடாதீங்க, ரூமு போச்சுன்னா அக்கா என்னைய வூட்டுப் படி ஏத்தாது." உன் கல்யாணச் சேதியைப் பத்திரிகை அடிக்கும் முன்பே பஸ் ஸ்டாண்டு வரை பரப்பிய என்னை நம்பினான் பார். மறுநாளே அந்த என்ஜினியரை அழைத்து வந்துவிட்டேன். அவர் நீட்டிய, பெட்ரோல் வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி வாசற்படியிலேயே வீறிட்டது. "சார்ஜு இல்ல போலருக்கு, அதான் கத்துது" என்றாள் உன் அம்மா. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாதுங்க. போர் தண்ணியும் குடிக்காதீங்க. மாசமா இருக்குற பொண்ண இங்க கூட்டியே வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் அம்மா அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த அறைக்குக் குடி போய்விட்டாள். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்காமல் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரே பிடி. "நான் படுத்துக் காட்டுறேன், எனக்கு என்னா ஆவுதுன்னு பாத்துடுவோம்" என்கிறாள். காலையில் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வருகிறாள், கேட்டால் பனியாம், சித்திரையில் ஏது பனி. நேற்று குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடிச் சுவரைப் பிடித்து நின்றாள், என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எதையும் கேலி பேசியே ஓட்டுகிறவன் நான், நேற்று குடத்தை மட்டும் தூக்கி உள்ளே வைத்தேன். தரையை உடைக்க ஆட்கள் தயார், அவள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது யார் கடப்பாரையைத் தூக்குவது?

அரியலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பேசிவிட்டேன், அங்கே வந்து இறங்கு, பத்தியச் சோறு உன் அம்மா கையால்தான். இரும்பு மாத்திரையை மறக்காதே, தனியாக மாடிப்படி ஏறி இறங்காதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எல்லா நலமும் கூடட்டும், பிரசவம் நல்லபடியாக முடிந்து நீ தாயும் பிள்ளையுமாக எழுந்து வர வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை அம்மா போன் பண்ணி, ரூம் தயார், டிக்கெட் போடு என்பாள். "அந்த வூட்டுக்கு வரமாட்டேம்மா" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடு. அழுவாள், நீ இளகாதே. உனக்காகத்தான் உள்ளே படுத்திருக்கிறாள், நீ இந்த வீட்டுக்கு வரவில்லை என்று தெரிந்தால்தான் அந்த அறையை விட்டு வெளியே வருவாள்.

உன் அப்பா,
இளையபெருமாள்