வளைகாப்பு அன்று வைத்த குக்கர்

தேவமாதா துணை

தியாகதுருகம்

என் அன்பு மகன் டென்னிசுக்கு அம்மா எழுதுவது. கடல் மேல் இருக்கும் உன்னை மாதா கண் மூடாமல் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, ஜெஸி, அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளை, நான்கு பேரும் சுகம். இன்றைக்கு எழுதும் இந்தச் சுகம் நிஜம். போன வாரம் நீ போன் செய்தபோது நான் சொன்ன சுகம் பொய். உடனே பதறாதே ராசா, மறுபடியும் சொல்கிறேன், உன் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் வளைகாப்பு முடிந்த பிறகு நான் பட்ட பாட்டை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும். போனில் சொல்லலாம் என்றால் நீ பேசும்போதெல்லாம் ஜெஸி பக்கத்தில் இருக்கிறாள், நாலு வார்த்தை பேசுவதற்குள் லைனும் அறுந்துவிடுகிறது. கள்ளக்குறிச்சி தீனதயாளன் உன் கப்பலில் வேலைக்கு ஏறப் போகிறார் என்று கேள்விப்பட்டு அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவசரம் இல்லாமல் உட்கார்ந்து படி.

வளைகாப்புக்குச் சொந்தமெல்லாம் வந்தது. மணலூர்பேட்டையிலிருந்து உன் மாமியார் வீட்டில் வேன் வைத்து வந்தார்கள், திருநாவலூரிலிருந்து உன் அத்தை சின்னப்பொண்ணு பஸ்ஸில் வந்தாள். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் ஆள் வைத்துப் பின்பக்கப் பந்தலில் செய்தோம். அது போதாது என்று ஜெஸிக்கு ஒரே பிடிவாதம். போன லீவில் நீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போன, கரண்டில் ஓடும் அந்த ஸ்லோ குக்கரில், நீ சொல்லிக்கொடுத்த குட்டி சாசேஜைச் செய்தே தீருவேன் என்றாள். வருகிறவர்களுக்கு முதலில் தட்டில் வைத்து, குச்சி குத்திக் கொடுக்க வேண்டுமாம், கப்பலில் விருந்துக்குச் சமைக்கும்போது நீ அப்படித்தான் கொடுப்பாயாம். அவர்தான் இல்லை, அவர் கைப்பக்குவமாவது இருக்கட்டும் அத்தை என்றாள். கள்ளக்குறிச்சியில் ஐஸ்பெட்டிக் கடையில் இரண்டு பாக்கெட் கோழி சாசேஜ் வாங்கி வந்தோம். ஒன்றைப் பிரித்துக் குக்கரில் போட்டு, தக்காளி சாஸ், மிளகாய் சாஸ், திராட்சை ஜாம் எல்லாவற்றையும் ஊற்றி மூடி வைத்தாள். ஜாமில் கறியை வேக வைப்பார்களா என்று நான் கேட்டேன், உங்கப்பாவோ எட்டிப் பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, கோழிக்கு மருதாணி வெச்ச மாதிரி கீது என்று கிண்டல் செய்தார். சின்ன சூட்டில் தானாக வேகும், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம், நாம் கோவிலுக்குப் போய் வருவதற்குள் தயாராகிவிடும் என்றாள். பந்தலில் சமையல்காரர்களை விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் பூசைக்குப் போனோம். திரும்பி வந்ததும் நான் வாசலில் வருகிறவர்களைக் கவனிக்க நின்றுவிட்டேன். ஜெஸிதான் அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தாள். புதுப் புடவை, கசகசப்பு என்று நினைத்தேன். தட்டில் வந்த சாசேஜ் பத்தே நிமிடத்தில் காலி. குழந்தைகள் குச்சியை நக்கிக்கொண்டு திரிந்தன. தட்டு காலியாவதற்குள் நீ வீடியோவில் வந்தாய். நான் பார்க்க ஒண்ணு சாப்பிடு என்று நீ சொன்னாய், அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு உனக்குக் காட்டிக் காட்டி நாலைந்து தின்றாள். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா.

சாயங்காலம் வந்தவர்களை வேனிலும் பஸ்ஸிலும் ஏற்றிவிட எல்லோரும் கிளம்பினோம். வீட்டைப் பூட்டும் முன் உங்கப்பா எப்போதும் போலக் கையைத் தூக்கி மெயின் சுவிட்சை ஆஃப் செய்யப் போனார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, வெள்ளிமலைக்குப் பஸ் ஓட்டிய காலத்தில் வாடகைக்கு இருந்த இடத்தில் பக்கத்து வீடு கரண்டில் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர், அன்றிலிருந்து பத்து நிமிடம் வெளியே போனாலும் மெயினை அணைக்காமல் படி இறங்க மாட்டார். அந்தக் கை மேலே போனதைப் பார்த்ததும் எனக்குக் குக்கர் ஞாபகம் வந்தது. பூசைக்குப் போறப்பவும் அணைச்சீங்களா என்று கேட்டேன். ஆமா, எப்பவும் பண்றதுதான, இன்னா இப்ப என்றார். குக்கர் ஓடிக்கினு இருந்துச்சே என்றேன். மனுஷர் முகம் சாம்பலாகிவிட்டது. ஐஸில் இருந்து எடுத்த கறி, பாட்டுப் பூசை முடிந்து, சாமியாரிடம் மந்திரிப்பு வாங்கி, நாங்கள் ஊர்ப்பட்ட பேச்சும் பேசி வரும் வரைக்கும் அந்த வெயிலில், அரைச் சூட்டில், சும்மா ஊறிக்கொண்டு கிடந்திருக்கிறது. வந்ததும் அவர் மெயினைப் போட்டிருக்கிறார், குக்கரும் ஒன்றும் தெரியாததுபோல மறுபடி சுட்டிருக்கிறது. அதைத்தான் வந்த ஜனம் அத்தனையும் தின்றது. ஏழு மாத வயிற்றுப் பிள்ளைக்காரியும் தின்றாள்.

டென்னிசு, எனக்கு அப்போது வந்த பயத்தை எப்படிச் சொல்வது. நம் சொந்தத்தில் ஒரு காதுகுத்தில் கெட்டுப்போன தயிர்ச்சாதத்தைத் தின்றுவிட்டு இருபது பேர் ஆஸ்பத்திரியில் பாய் விரித்துப் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஜெஸியிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தால் உங்கப்பா கையெடுத்துக் கும்பிடுகிறார். அவ புள்ளத்தாச்சி, மேரி, பயந்து அதுவே எதுனா ஆயிடப் போவுது, பேசாம பாத்துக்கினு இருப்போம் என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. விடிந்ததும் விடியாததுமாக நான் போய் அவளிடம், வயிறு எப்படி இருக்கு கண்ணு, வலிக்குதா, பிள்ளை அசையுதா என்று கேட்பேன். அவள் கழிவறைக்குப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்பேன். தும்மினால்கூட ஓடுவேன். கஞ்சியும் மோரும் தவிர வேறு எதையும் அவள் கண்ணில் காட்டவில்லை. என்னாச்சி அத்தை உங்களுக்கு என்று முதல் நாள் சிரித்தாள், மறுநாள் சிரிக்கவில்லை, அப்புறம் நான் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். உங்கப்பா சோறே தொடவில்லை. கொடுக்காமல் விட்டுப்போன வளையல் இருக்கிறது, கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். யாருக்காவது வாந்தி பேதி இருக்கிறதா என்று பார்க்கத்தான். மணலூர்பேட்டையில் எல்லோரும் கரும்பு வெட்டில் நன்றாக நின்றுகொண்டிருந்தார்களாம். திருநாவலூருக்குப் போனவர் திரும்பி வந்தபோது வண்டி ஸ்டாண்டைக்கூடப் போடத் தெரியவில்லை. சின்னப்பொண்ணு கட்டிலில் சுருண்டு படுத்திருக்கிறாளாம், வீட்டுக்குப் போன நேரத்திலிருந்து வாந்தியாம். நான் செபமாலையை எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். எல்லாரும் சுகமா என்று கேட்டாய். சுகம்தான் சாமி என்றேன். அப்படிச் சொல்லும்போது செபமாலை என் கையில்தான் இருந்தது, உனக்குத் தெரிந்திருக்காது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஜெஸி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகமெல்லாம் கண்ணீர். அத்தை, கொழந்தைக்கு இன்னா, டாக்டரம்மா ஒங்கள மட்டும் தனியா கூப்ட்டு இன்னா சொன்னாங்க, எங்கிட்ட மறைக்காதீங்க, நான் தாங்கிக்கிறேன் என்று கேட்டுவிட்டு என் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வளைகாப்புக்கு முன்னால் செக்கப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டது அவளை இரும்புச் சத்து மாத்திரை ஒழுங்காகப் போட வை என்று சொல்லத்தான், அவள் அதைத் தின்னாமல் ஜன்னல் வழியாக எறிவது அங்கே வரைக்கும் தெரிந்திருக்கிறது. நான் மூச்சுக்கு மூச்சு வயிற்றைக் கேட்கக் கேட்க, பிள்ளைக்கு ஏதோ கோளாறு, பெரியவர்கள் மறைக்கிறார்கள் என்று இவள் நினைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் தூங்காமல் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். பாவி நான், பயப்படக் கூடாது என்று மறைத்தே அந்தப் பிள்ளையை அந்தப் பாடு படுத்தியிருக்கிறேன். அவளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், மெயின், குக்கர், கறி, சின்னப்பொண்ணு, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அப்புறம் அழுகையும் சிரிப்புமாக, அத்தை, அத யாருமே சாப்டல என்றாள்.

கோவிலிலிருந்து வந்ததும் அவள் நேரே குக்கரைத்தான் தொட்டுப் பார்த்திருக்கிறாள். பானை வெதுவெதுப்புக்கூட இல்லை, லைட் மட்டும் எரிகிறது. மாமா மெயினை அணைத்திருப்பார் என்று அப்போதே புரிந்துவிட்டது. அத்தனையையும் ஒரு கவரில் கட்டி, அடுக்களைப் பின்கதவு வழியாகப் போய் வாழை மரத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, பானையைக் கழுவி, ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்த இரண்டாவது பாக்கெட்டைக் கேஸ் அடுப்பில் வாணலியில் சாஸோடு போட்டுக் கொதிக்கக் கொதிக்க வேக வைத்து, அதை அந்தப் பானையில் ஊற்றிப் பந்திக்குக் கொண்டு வந்திருக்கிறாள். ஏன்டி சொல்லவில்லை என்றேன். எங்கம்மா வூட்டு ஆளுங்க எல்லாம் இருக்காங்க, அவங்க எதிர்ல மாமாவ போய் எப்படி அத்தை, அவரு நல்லதுக்குத்தான பண்ணாரு என்றாள். உங்கப்பா வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார், வெகு நேரம் வரவில்லை. சின்னப்பொண்ணுக்கு அப்புறம் போன் போட்டேன். அவள் சாசேஜைக் கையாலும் தொடவில்லையாம், அந்தச் செவப்பு புழுவ யாரு துன்றது என்கிறாள். மூன்று சாதத்தையும் ஒரு பிடி பிடித்துவிட்டு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வராமல் என்ன செய்யும். மறுநாளே ஜெஸியைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம், பிள்ளையின் துடிப்பை எனக்கும் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுவது மாதிரி கேட்டது. இப்போது உங்கப்பா வெளியே கிளம்பும்போதெல்லாம் மெயினில் கை வைத்துக்கொண்டு, உள்ள எதுனா வெந்துகினு கீதா என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறார்.

இதை அவருக்கு எழுதாதீங்க அத்தை, தன் குக்கரில் வேகவில்லை என்று வருத்தப்படுவார் என்று ஜெஸி சொன்னாள். நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் ஆளுக்கு ஒன்றாக மறைத்தது போதும். நீயும் தெரியாததுபோல இருக்காதே, அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல். எண்ணெயும் நெருப்பும் ஆடுகிற கப்பலும் உனக்குத் தினம் இருப்பது, நீ வேளைக்குச் சாப்பிடு, சண்டை நடக்கிற கடல் பக்கம் போனால் போகிறேன் என்று முன்கூட்டியே சொல், போய் வந்த பிறகு சொல்லாதே.

இன்னொன்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள். வளைகாப்பு அன்று வீடியோவில் நீ போனை இடது கையில் பிடித்திருந்தாய். அடுத்த முறை வீடியோவில் பேசியபோதும் இடது கைதான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய், அடுப்படியில் நீ என்றைக்கடா முழுக்கைச் சட்டை போட்டாய்? ஜெஸி உன்னைக் கையாட்டச் சொன்னபோதும் இடது கையைத்தான் ஆட்டினாய். எல்லாரும் சுகம் என்று நான் சொன்னதை நீ நம்பினாய், நீ சுகம் என்று சொன்னதை நான் அன்றைக்கே நம்பவில்லை. பொட்டலத்தில் முறுக்குக்கு அடியில் தீப்புண்ணுக்குப் போடும் களிம்பு இரண்டு வைத்திருக்கிறேன். தேவைப்படாவிட்டால் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவா, நான் பைத்தியக்காரி என்று எல்லோரும் சேர்ந்து சிரிப்போம்.

மாதா உன் நெற்றியிலும் இரண்டு கைகளிலும் சிலுவை போட்டு உன்னைக் காப்பாளாக. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், ஜெஸி தனியாக எழுதிய தாளை நான் படிக்கவில்லை. தீனதயாளன் ஏறும்போது கப்பலிலிருந்து யாராவது இறங்கி ஊருக்கு வருவார்கள், அவர்களிடம் பதில் கொடுத்தனுப்பு. போன் வேண்டாம், மெசேஜ் வேண்டாம். நாலே வரி போதும், உன் வலது கையால் எழுது. உன் எழுத்து எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா
பி. உபகாரமேரி