தர்ஷினியின் குறிப்பில் விடுபட்ட வரி

திங்கள். மழை. கொமுட்டர் ரயில் தாமதம்.

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பாப்பா இப்போதுதான் கண் மூடினாள். பல் முளைக்கிறது.

பிரசவ விடுப்பு முடிந்து பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் இரண்டாவது வாரம். என் நாற்காலியில் தர்ஷினி. எனக்குப் பதிலாக ஒப்பந்தத்தில் வந்தவள். எனக்குப் பிரிண்டர் பக்கத்து மேசை.

இன்று அவமானம். எங்கள் தரகு நிறுவனம் ஒரு நிதியத்திடம் இரவல் வாங்கிய பங்குகளை ஆண்டுக் கணக்கில் சொத்தாகச் சேர்த்துவிட்டேன். பாஸ் முன்னாலேயே அவள்:

"அக்கா, இரவல் நகைய போட்டுக்கிட்டா நம்ம நகையாயிடுமா லா? விலை ஏறினாலும் இறங்கினாலும் குடுத்தவங்களுக்குத்தான். நாம கட்டுன பிணையப் பணம் மட்டும் வரவேண்டியதுல போடுங்க."

"வெரி குட், தர்ஷ்!" பாஸ். நாலு வருஷத்தில் என் பெயரை ஒருமுறைகூடச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை.

செவ்வாய். வெயில்.

மதியம் அவளோடு வாழையிலைச் சாப்பாடு. அவள் கூப்பிட்டதைத் தட்ட முடியவில்லை.

"இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுதுக்கா. வியாழக்கிழமை ஆடிட்டர் மீட்டிங் நல்லா போனா பெர்மனென்ட்னு பாஸ் சொன்னாரு. இல்லன்னா மறுபடி எங்க ஊரு மேருவுல பழைய பேக்டரி வேலைதான்."

ரசம் ஊற்றியும் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. என் தோளில் பால் வாடை.

வாங்க: டயப்பர், ஈறுக்கு மருந்து, காதுக்குப் பஞ்சு (பிரிண்டர்).

புதன். புழுக்கம்.

பால் கொடுத்துக்கொண்டே போனில் கணக்கியல் விதியை மறுபடி படித்தேன். அவளை மடக்கத்தான், வேறெதற்கு. இரவல் பங்கு நம் சொத்தில் வராது. சரி. ஆனால் அதை விற்றுவிட்டால்? திருப்பிக் கொடுப்பது நம் தலையில். கணக்கு முடிக்கும் நாளின் சந்தை விலையில் கடன்பொறுப்பாகக் காட்ட வேண்டும். நாங்கள் பாதியை விற்றிருக்கிறோம். ஆடிட்டருக்காக அவள் எழுதிய கணக்குக் குறிப்பில் அந்த வரியே இல்லை!

திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

எங்கள் ஆபீஸ் வழக்கம், குறிப்பை எழுதியவரே ஆடிட்டர் முன் தனியாக விளக்க வேண்டும். நாளை காலை அவள்.

போர்ட் கிள்ளான் துறைமுக ஷிப்டுக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டே என் கணவர் சுரேஷ்: "சொல்லணும்னா சொல்லு, வேணாம்னா விடு. ஆனா வேலை நேரத்துல போன் போட்டு அழுவாத."

பாஸும் இருக்கும் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் தட்டச்சு செய்தேன். அழித்தேன். பிறகு அவளுக்கு மட்டும். அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன், கண்டுபிடித்தது நான் என்பதற்கு:

"தர்ஷினி, விற்ற பங்குகளுக்கான கடன்பொறுப்பு உன் குறிப்பில் இல்லை. மீட்டிங்குக்கு முன்னால் சேர்த்துவிடு. பாஸுக்கு இன்னும் தெரியாது. பார்த்ததும் பதில் போடு."