இனி வெள்ளைதான்

09.06.2024, ஞாயிறு

காரைக் கழுவும்போது எஞ்சினை மூடுகிற பொனற்றில் இன்னொரு செதில் கையோடு வந்தது. மேல்பூச்சு, வெயிலில் வெந்த தோல் மாதிரி உரிகிறது. கூரை இப்போது சிவப்பே இல்லை, ஒரு சீக்கு ரோசா நிறம். ஒரு பக்கம் கச்சான் காற்றும் வெயிலும், மறுபக்கம் வாவி உப்பு. வாங்கும்போதே இவர் சொன்னவர்: "சிவப்பு இந்த வெயிலுக்கு நிக்காது கா." எனக்குச் சிவப்புத்தான் வேணும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். இவர் கண்ணை மூடி ஒரு வருடம் தாண்டிவிட்டது. பெயின்ற் அடித்தே ஆக வேண்டும்.

11.06.2024

பள்ளிக்கூட முற்றத்தில் நிற்கிற கார்களைப் பார்த்தேன். என்னுடையதைத் தவிர எல்லாம் வெள்ளை, இல்லாவிட்டால் சாம்பல். ஆசிரியர் அறையில் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பாட்டு. கீறல் தெரியாது, சூடு பிடிக்காது, விற்றால் உடனே போகும். விற்கப் போகிறேன் என்று நான் யாருக்குச் சொன்னேன்? விற்கிற நாளை நினைத்தே காரை ஓட்டுகிற சனம்.

15.06.2024, சனி

களுவாஞ்சிக்குடியில் இருந்து காத்தான்குடி வரைக்கும் போய் மஜீட் பாஸிடம் காட்டினேன். காருக்குப் பெயின்ற் அடிப்பதில் இந்தப் பக்கம் பேர் போனவர். அவரும் அதே பாட்டு.

"ரீச்சர், முதல்ல வெளுக்கிற கலர் செவப்புத்தான். வெள்ளை எண்டா வெளுக்க என்ன கிடக்கு?"

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வெயிலின் கழியூதாக் கதிர் நிறத்தைத் தின்னும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். வெளுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். மேலே கிளியர் பூச்சு இரண்டு தரம் அடித்தால் கொஞ்சக் காலம் கூட நிற்குமாம். அடியுங்கள் என்றேன். சிவப்பு.

19.06.2024

அண்ணன் வந்தார். வந்ததும் வராததுமாக, "வெள்ளைக்கு மாத்து புள்ள. வெள்ளைதான் நீடிச்சு நிக்கும்."

தன்னுடைய மோட்டார் சைக்கிளை ஒரு நாளும் துடைக்காத நல்லரத்தினம் இன்றைக்குப் பெயின்றின் ஆயுளைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். அண்ணனுக்கு இதில் என்ன? மகள் கம்சாயினிக்குச் சம்பந்தம் சரிவந்திருக்கிற நேரம், ஆயிரம் வேலை கிடக்கும். என் காரில் ஏன் கண்?

22.06.2024

காரை கராஜில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். சிவப்பு என்று பம்பருக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு தரமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

06.07.2024, சனி

வெள்ளை.

முழுக்க வெள்ளை. கதவின் உள்விளிம்பு வரைக்கும். யாருடைய காரோ என்று தாண்டிப் போய்விட்டேன் — மறுகாதான் நம்பரைப் பார்த்தேன்.

மஜீட் பாஸ் முழித்தார். "உங்கட அண்ணன் வந்தவர் ரீச்சர். செவப்புப் பெயின்ற் ரின்னைக் கண்டுட்டு, 'என்னத்துக்குச் செவப்பு? எங்கட தங்கச்சிக்கு இனி வெள்ளைதான்' எண்டார். நீங்க மனசு மாத்திட்டீங்களாக்கும் எண்டு நினைச்சன்."

"எனக்கு ஒரு போன் கோல் எடுக்க ஏலாதா?"

"ஆம்புளை ஒராள் வந்து சொல்லக்குள்ள..."

அந்த 'ஆம்புளை'க்கு நான் கொடுத்த பேச்சில், கராஜில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ நிற்பாட்டிவிட்டார்கள். கார் என் பெயரில். வாகனப் புத்தகத்தில் நிறம் சிவப்பு. பொலிஸ் மறித்தால் அண்ணனா வந்து பதில் சொல்வார்? காரை எடுக்காமலே திரும்பிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி, "ஏன் மகள் அழுறீங்க?" என்றாள். கோவம் வந்தாலும் எனக்குக் கண்ணீர்தான் வருகிறது, பாழாய்ப் போன கண்.

07.07.2024

அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கேட்டேன், என்னுடைய காருக்கு நிறம் சொல்ல நீங்க ஆர் என்று.

அவர் பதறிப்போய்ச் சொன்ன பதில்தான் — எப்படி எழுதுவேன் — "ஐயோ புள்ள, நான் காரைச் சொல்லல்ல! அந்தப் பாஸ் விளங்காம அடிச்சிற்றான். நான் உன்னைத்தான் சொன்னன்."

உன்னைத்தான் சொன்னன்.

அதைச் சொல்லித் தப்பலாம் என்று நினைத்தார்! காரைச் சொன்னேன் என்றிருந்தால் சண்டை பிடித்துவிட்டு மன்னித்திருப்பேன். என்னைச் சொன்னாராம். புருஷன் செத்தவளுக்கு இனி வெள்ளைதான் என்று, கராஜில், ஊர்பேர் தெரியாத பெடியன்களுக்கு முன்னால்.

அண்ணன் மனைவி, மச்சாள், உள்ளே இருந்து வந்தா. "மாப்பிள்ளை வீட்டார் கேட்டவங்க, தாலி கழட்டினவ செவத்தக் காரில திரியிறாவாமே எண்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா?"

ஊர் எங்க மச்சாள்? அந்த வாய் இந்த வீட்டுக்குள்ளதானே கிடக்கு! சொல்லிவிட்டு வந்தேன். கம்சாயினி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் படித்த பிள்ளை. அதுதான் கூட நோகுது.

இவர் வேணும் எனக்கு. கோவத்தில எழுதல்ல. உண்மையா வேணும்.

13.07.2024

மஜீட் பாஸ் கோல் எடுத்தார். "பிழை என்ர பக்கமும் இருக்கு. திருப்பிச் செவப்பு அடிச்சித் தாறன்." மறுகா கொஞ்சம் இழுத்து, "ரீச்சர், குறை நினைக்காதீங்க. எங்கட பொம்புளையள் புருஷன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாள் வெள்ளை உடுத்து இத்தா இருப்பாங்க. அது முடிஞ்சா முடிஞ்சதுதான். உங்கட ஆக்களுக்கு எப்ப முடியும்?"

எனக்கே தெரியாததை அந்த மனிசனுக்கு என்னவென்று சொல்ல? "கிளியர் ரெண்டு தரம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

03.08.2024

எடுத்து வந்தேன். கண் கூசுகிற சிவப்பு. "வெள்ளைக்கு மேல அடிச்சதால முந்தினதை விடப் பளிச்செண்டு கிடக்கு" என்று அவருக்கே பெருமை. ஊருக்குள் இரண்டு தரம் சும்மா ஓடினேன். ஒரு வேலையும் இல்லை. பார்க்கட்டும் என்றுதான்.

24.08.2024

வாற வெள்ளிக்கிழமை கம்சாயினிக்குக் கலியாண எழுத்து, கோயில் கும்பிட்டு வந்து பதிவு. அண்ணன் கோல் எடுத்தார்: "நீ வராம இருக்கப்படா. ஆனா காரை எங்கட ஒழுங்கைக்கு வெளிய, ரோட்டில விட்டுட்டு வா. அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வெள்ளைக் கார் ஒண்டு சொல்லியிருக்கன்."

வெட்கங்கெட்ட மனிசன். நான் போறல்ல.

26.08.2024

கம்சாயினியிடம் இருந்து போனில் ஒரே ஒரு வரி. "மாமி, காரை உள்ள கொண்டு வாங்க."

30.08.2024, வெள்ளி

ஒழுங்கைக்கு வெளியே நிற்பாட்டவில்லை. பந்தல் கால் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ரிப்பன் கட்டிய வெள்ளைக் கார் முன்னால் நின்றது. கம்சாயினி சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அதைத் தாண்டி வந்து, எனக்குப் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து ஏறினாள்.

"கோயிலுக்கு மாமியோட போறன்."

"இறங்கு புள்ள" என்றார் அண்ணன். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "நல்ல நேரம் போகுது அப்பா."

நான் கிறுகிப் பின்னால் பார்க்கவில்லை. சாவியைப் போட்டேன். கொஞ்சம் பொறுத்து பின்கதவு திறந்தது. அண்ணன் ஏறி இருந்தார்.

"கதவை மெதுவாச் சாத்துங்க அண்ணா" என்றேன். "பெயின்ற் புதுசு."