தாடி முளைத்த குழந்தை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நின்று நின்று வீங்கும் உங்கள் கால் இப்போது தேவலையா? அம்மாவின் இருமல்?

ஒரு சின்ன விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. தொலைநோக்கியில் நான் கண்டுபிடித்த சிவப்புப் புள்ளியின் படத்தைச் சலூன் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறீர்கள் அல்லவா? பிரபஞ்சம் பிறந்த புதிதிலேயே இருந்த ராட்சசக் கருந்துளை அது என்றேன். நட்சத்திரம் செத்துக் கருந்துளையாகி, மெல்லத் தின்று கொழுக்க அப்போது நேரமில்லை. பெரிய வாயு மேகமே நேராக உள்ளே சரிந்திருக்கலாம் என்றேன். "அப்ப, பச்சக் கொழந்தைக்குத் தாடி மொளச்ச மாதிரியா?" என்றீர்கள். முடி வெட்ட வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிப் பெருமைப்பட்டீர்கள்.

போன வாரம் புதுப் படம் வந்தது. புள்ளி கொஞ்சம் நகர்ந்திருந்தது. அவ்வளவு தொலைவில் இருப்பது நகர்ந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. "உன் கருந்துளை வாக்கிங் போகுதுடா" என்றார் உடன் வேலை செய்யும் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அது கருந்துளையே இல்லை, பக்கத்தில் இருக்கும் மங்கலான குட்டி நட்சத்திரம், அப்பா.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில், "புள்ளி நல்லாருக்காடா?" என்று கேட்டீர்கள். "நல்லாருக்குப்பா" என்றேன். அதை நினைத்தால்தான் கூனிக் குறுகிப் போகிறேன்.

உங்கள் பழைய கத்தரி ஒன்றை அனுப்புங்கள். இங்கே வேறு யாரிடமும் தலையைக் கொடுக்க மனம் வரவில்லை. முன்பக்கம் நானே வெட்டிக்கொள்வேன். பின்பக்கம் உங்களிடம் வரும் வரை வளரட்டும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். படத்தை மட்டும் நான் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் அதுதான் நேரே தெரியும்.

உங்கள் மகன்