திராட்சைத் தோட்டத்தில் நான் விட்ட பேய்

8 செப்டம்பர் 2025, திங்கள்
ஓடிடிக்காரர்கள் பதில் அனுப்பிவிட்டார்கள். "தெரிந்த முகம் இல்லை." சிசிடிவியில் பதிவானது போல எடுத்த பேய்ப்படத்துக்குத் தெரிந்த முகம் எதற்கு? ஆறு கேமரா, அழகர் மாமாவின் திராட்சைத் தோட்டம், ஒரு வருட உழைப்பு. முட்டாள்கள்.

11, வியாழன்
நாமே வெளியிடுகிறோம். படத்தைப் பன்னிரண்டு துண்டாக்கி, எங்கிருந்தோ கசிந்த காட்சி போல வாட்ஸ்அப் குழுக்களில் விடப் போகிறோம். எடிட் செய்த அருண்பாண்டி, "கடைசியிலயாவது பேரு போடுவோம்டா" என்றான். சிசிடிவியில் எவனாவது பெயர் போடுவானா? வெட்டச் சொல்லிவிட்டேன்.

14, ஞாயிறு
கம்பத்திலிருந்து போடி வரை எல்லார் போனிலும் நம் படம்தான். டீக்கடையில் ஒருவர் என்னிடமே காட்டுகிறார் — "ராயப்பன்பட்டிப் பக்கமாம் தம்பி!" நான் எடுத்தது என்றேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் காட்டப் போய்விட்டார்.

16, செவ்வாய்
பழம் பறிக்க ஒரு ஆள்கூட வரவில்லை. பேய் உலவும் தோட்டமாம். பழம் முற்றி நிற்கிறது. ஒரு மழை போதும், அத்தனையும் வெடித்துவிடும்.
மாமா போனில்: "ஏலே, பேய விட்டவன் நீ. வெளிய கூட்டிட்டுப் போறதும் நீதாம்ல."

17, புதன்
பறிப்பு ஆட்களைக் கூட்டிவரும் சந்தனம்மாள் வீட்டுக்கு லேப்டாப்போடு போனேன். ஒவ்வொரு ஷாட்டையும் எப்படி எடுத்தோம் என்று விளக்கினேன்.
"படம்னா பாட்டு எங்கப்பா? ஒரு பேரு கூடப் போடல. ஒங்க மாமா இப்பிடிச் சொல்லச் சொன்னாகளாக்கும்?"
பேயாக நடித்த சுபாஸ்ரீயையே கூட்டிப்போய் நிறுத்தினேன். சந்தனம்மாள் அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசி, "பாவம், இந்தப் புள்ள மேலயா எறங்கணும்" என்றார். சுபாஸ்ரீ இப்போது என் போனை எடுப்பதில்லை.
வேற எத வச்சுத்தான் நிரூபிக்கிறது?

18, வியாழன்
மேற்கே மேகம். சந்தனம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறார்: தோட்டத்தில் உலவும் அந்தப் பேய்ப் பெண்ணுக்குப் படையல் போட்டு நான் கும்பிட வேண்டுமாம். அப்போதுதான் வருவார்களாம். நான் எழுதின பேய்க்கு நானே கும்பிடு போடணுமா? நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிச்சது இதுக்கா? முடியாது என்றேன்.
மாமா திட்டவில்லை. பந்தலில் தொங்கும் குலைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

19, வெள்ளி
காலை ஏழு மணி. பந்தலுக்கு அடியில் ஒரு கல், மஞ்சள், குங்குமம்.
"அவளுக்கு என்னப்பா புடிக்கும்? நீதான கூட இருந்து பாத்தவன்" என்றார் சந்தனம்மாள்.
கதை எழுதும்போது இதை யோசிக்கவே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன் — தேங்காய் பன். வாங்கிவந்து படைத்தார்கள். குலவை போட்டார்கள். பிறகு எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.
கும்பிட்டேன்.
எட்டு மணிக்குப் பறிப்பு ஆரம்பித்தது. மதியம் மழை பிடிப்பதற்குள் முக்கால் தோட்டம் முடிந்துவிட்டது.
இனி ஒவ்வொரு பறிப்புக்கும் முதலில் தேங்காய் பன் வைக்க வேண்டுமாம்.