நான்காம் தொட்டிக்கு அரைப்பிடி

அன்பு மகள் யஸ்னாவுக்கு அப்பா பெலார்மினோ எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், பன்றி எங்கள் இருவரையும் விடச் சுகமாக இருந்தது, அதன் கதை பின்னால் வரும். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய், அதனால் உண்மையிலேயே சுகமா என்று கேட்கிறேன். வடக்கே அந்தக் கலாமா பாலைவனக் காற்று மூக்கைக் காயவைக்கிறது என்றாயே, இந்தப் பெட்டியில் ஒரு டப்பாவில் பன்றிக்கொழுப்பு வைத்திருக்கிறேன், மூக்கில் தடவிக்கொள். கடைத் தொலைபேசியில் இதையெல்லாம் பேச முடியாது, நான் வாயைத் திறந்ததும் கடைக்காரி சர்க்கரை நிறுப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். போன தடவை நீ பேசும்போது உனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அது உன் இருமல் இல்லை, உன் அறைத்தோழியுடையதும் இல்லை, அவ்வளவு கனமான இருமல் ஒரு பெண்ணுக்கு வந்தால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும். இதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

குஞ்சுப் பண்ணையில் ஒரு மாதமாகச் சந்தேகம்தான் எங்களுக்குச் சாப்பாடு. சால்மன் குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரித்தபோது வளராத பொடிசுகளை எல்லாம் நான்காம் தொட்டியில் நெருக்கியடித்து விட்டோம், அதே வாரம் விடாத மழையில் ஆறு சேறாக வந்தது. இரண்டே நாளில் எல்லாத் தொட்டியிலும் குஞ்சுகள் தண்ணீர் விழுகிற குழாய்க்கு நேரே வரிசை கட்டி, மேலே வந்து, செவுள் மூடியை மூட முடியாமல் விரித்துக்கொண்டு நின்றன, மேடு ஏறி வந்த குண்டன் மூச்சு வாங்குவது போல. சந்தியாகோவிலிருந்து வந்திருக்கிற மீன் டாக்டர் ரொமினா, உன் வயதுதான் இருக்கும், ஒரு குஞ்சின் செவுளைக் கிள்ளிக் கண்ணாடியில் வைத்து நசுக்கி மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னாள். சீப்பின் பல்லுக்கு நடுவே அழுக்கு சேர்ந்தது போல நூல்நூலாக ஏதோ தெரிந்தது. அதுதான் பாக்டீரியாவாம், செவுளில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு மீனை மூச்சுவிட விடாதாம். தண்ணீரை அதிகம் திறந்துவிடணும், தீனியைப் பாதியாக்கணும், உப்புத்தண்ணீர்க் குளியலுக்கு முந்தின நாளும் குளியல் நாளும் முழுப் பட்டினி, வயிறு நிறைஞ்ச மீனுக்கு மூச்சு அதிகமா வேணும், மிஞ்சின தீனி அழுகிச் செவுளை இன்னும் அரிக்கும், ஒரு பருக்கைகூடக் கூடாது தோன் பெலார்மினோ என்று மரியாதையாகத்தான், ஆனால் என் கையைப் பார்த்தே சொன்னாள். மனிதன் பட்டினி கிடப்பது நேர்ச்சைக்காக, மீனுக்கு என்ன நேர்ச்சை என்று எனக்குத் தோன்றியது, ஆனால் தலையை ஆட்டினேன்.

மற்றத் தொட்டிகள் ஒரு வாரத்தில் தேறின. நான்காம் தொட்டி மட்டும் மறுபடி மறுபடி பட்டினியும் குளியலும் போட்டும் தேறவில்லை, தினமும் காலையில் செத்ததை வாளியில் அள்ளினோம். ஆற்றுக்கு மேலே பன்றிப் பட்டி வைத்திருக்கிறவன்மேல் முதலில் எனக்குச் சந்தேகம், ஆனால் எல்லாத் தொட்டிக்கும் அதே ஆறுதான். பிறகு டாக்டரின் உப்புமேல் சந்தேகம், ஒரு மூட்டையில் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன், உப்புதான். கடைசியில் டாக்டரே தொட்டியின் அடியைப் பார்த்துவிட்டு, பட்டினி கிடக்கிற மீன் எப்படி இவ்வளவு வெளிக்குப் போகும், யாரோ தீனி போடுறாங்க என்றாள். காலை முறை என்னுடையது, மத்தியானத்துக்கு மேல் உன் ஞானத்தகப்பன் கஸ்தோதியோ. என் கை சுத்தம். காலையில் போனதும் பொடிசுகள் எல்லாம் என்னையே பார்க்கும், அப்போது ஒரு அரைப்பிடி தூவுவேன், அதைத் தீனி என்று சொல்ல முடியாது, அது காலை வணக்கம் மாதிரி. அதனால் டாக்டர் கேட்டதும், மத்தியானத்துக்கு மேல நான் இருக்கிறதில்லை டாக்டர், கஸ்தோதியோதான் என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மேலாளர் அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் பன்னிரண்டாயிரம் குஞ்சையும் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது, கஸ்தோதியோ இனி வரவே வேண்டாம் என்பது தீர்ப்பு. அவன் ரப்பர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, ஞான உறவை விடாமல் கொம்பாத்ரே என்றே கூப்பிட்டு, உன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கையில தூக்கிப் பிடிச்ச கை இது, இதையா காட்டிக் கொடுத்தே என்று மட்டும் கேட்டான். நான் குனிந்து வாளியைக் கழுவ ஆரம்பித்தேன்.

அவன் போய் மூன்று நாள் ஆகியும் நான்காம் தொட்டியில் குஞ்சுகள் செத்துக்கொண்டே இருந்தன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை, புதிதாக ஒரு திருடனைத் தேடினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனபின் உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, உன் அம்மா இன்னும் அதற்குத் தைலம் தேய்க்கிறாள், காரணம் கேட்டுக்கொண்டே. கொஞ்ச நேரத்தில் சமையல்காரி எதெல்வினா ஏப்ரனுக்குள் ஒரு கோப்பையை ஒளித்துக்கொண்டு, பூனை போல வந்து, தொட்டிமேல் குனிந்து, சாப்பிடுங்க என் செல்லங்களா, அந்த டாக்டரம்மா பார்க்கலை என்று ரொட்டித் தூளைத் தூவினாள். நான் எழுந்து பிடித்துவிட்டேன் என்று கத்தினேன். அவள் பயப்படவே இல்லை. நீ மட்டும் யோக்கியனா பெலார்மினோ, தினம் காலையில உன் கை தொட்டிமேல என்ன ஜெபமாலையா உருட்டுது, சமையலறை சன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன், நீ கொஞ்சம் போட்டே, கஸ்தோதியோ சாயங்காலம் கொஞ்சம் போட்டான், நடுவுல இந்தப் பொடிசுங்க என்ன பாவம் பண்ணுச்சு, பசிச்ச வாய்க்கு முன்னாடி நம்ம ஊர்ல யார் கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கா என்றாள்.

யஸ்னா, நான் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று பேர், ஒவ்வொருவரும் அடுத்தவன் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கு அரைப்பிடி. பட்டினித் தொட்டி ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. நிறைந்த வயிற்றோடு அந்தப் பொடிசுகளை உப்புத்தண்ணீரில் இறக்கி மூச்சு முட்டவைத்துக் கொன்றது எங்கள் இரக்கம்தான். அதில் முதல் கை என்னுடையது, மாட்டிக்கொண்டது அவன். எதெல்வினாவிடம், நான் போட்டது தீனி இல்லை, காலை வணக்கம், நீ வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போய் என் கையையும் அவன் கையையும் சொன்னேன், அவளுடையதைச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முன்னால் அவளே போய்ச் சொல்லியிருந்தாள், இந்த ஊரில் ஒரு பெண்ணையும் நம்பக் கூடாது. டாக்டர் சிரிக்கவும் இல்லை திட்டவும் இல்லை, நாலு நாள், நாலே நாள் யாரும் பாசம் காட்டாம இருங்க என்றாள். தீவன அறைச் சாவி இப்போது அவள் கழுத்தில் தொங்குகிறது. பாதிக் குஞ்சைக் காலியாகக் கிடந்த தொட்டிக்கு மாற்றினோம். நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு அந்த நாலு நாளும் நடந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் பொடிசுகள் குழாயை விட்டு விலகித் தொட்டி முழுதும் பரவி நீந்துகின்றன, செவுள் மூடிகள் ஒழுங்காக மூடித் திறக்கின்றன. என்னை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலாளர் கஸ்தோதியோவைத் திரும்ப வரச் சொன்னார், தொட்டியடி தேய்ப்பதை இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குக் கொடுத்தார், அது சரிதான்.

கஸ்தோதியோ வந்தான், ஆனால் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டு நாள். அதனால்தான் பன்றியை இரண்டு வாரம் முன்னதாகவே அடித்தோம். நீ வடக்கே போய் வழக்கத்தை மறந்திருப்பாய் என்று சந்தேகம், நினைவுபடுத்துகிறேன்: பன்றி அடித்தால் பங்கு கொண்டுபோவது நம் கடமை, வாங்கிக்கொண்டவன் தன் பன்றியை அடிக்கும்போது அதே அளவு திருப்பிக் கொண்டுவருவது அவன் கடமை. வேண்டாம் என்று தட்டைத் திருப்பினால் அந்த வீட்டோடு உறவு முடிந்தது. உன் அம்மா விலாவும் கறியும் பொரித்த ரொட்டியும் உருளைக்கிழங்கு மில்காவோ அடையும் அடுக்கித் துணி மூடிக் கொடுத்தாள், நான் மழையில் தூக்கிக்கொண்டு போய் அவன் வாசலில் நின்றேன். துணியைத் தூக்கிப் பார்த்தான். விலாவை ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு, முழுப் பங்குதானா கொம்பாத்ரே, இல்லை இதுவும் காலை வணக்கமா என்று கேட்டுவிட்டுத் தட்டோடு உள்ளே போனான், கதவைச் சாத்தவில்லை. நான் போய் அடுப்பருகே உட்கார்ந்தேன், மாத்தே டீ ஊற்றிக் கொடுத்தான். எதெல்வினாதான் அவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள், இந்த ஊர்ப் பெண்களைப் பற்றி முன்பே எழுதினேனே.

இப்போது ஒரே கவலை, ஆகஸ்ட்டில் அவன் திருப்பித் தர வேண்டும், அவன் பன்றியோ விலா எண்ணும்படி இருக்கிறது. வாங்கினதற்குக் குறைவாகக் கொண்டுவர நேர்ந்தால் அவமானத்தில் மறுபடி வாயை மூடிக்கொள்வான். அதனால் வேலைக்குப் போகும் வழியில் அவன் வேலிமேல் சாய்ந்து ஒரு அரைப்பிடி உருளைக்கிழங்குத் தோல் போட்டுவிட்டுப் போகிறேன். பன்றிக்குச் செவுள் இல்லை, விசாரித்துவிட்டேன். நேற்று அவன், கொம்பாத்ரே, என் பன்றிக்கு யாரோ தீனி போடுறாங்க, எனக்கு ஒரு ஆள் மேல சந்தேகம் என்றான். மேலே இருக்கிற பட்டிக்காரனாக இருக்கும் என்றேன்.

கடவுளும் கந்தலாரியா மாதாவும் உன்னைக் காக்கட்டும், காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, உன் ஞானத்தகப்பனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, இதில் எதுவும் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. மறக்காமல் இன்னொன்று, அந்த இருமுகிற ஆளை ஆகஸ்ட்டில் கூட்டிக்கொண்டு வா, கஸ்தோதியோ பங்கு கொண்டுவருகிற நாளாகப் பார்த்து. சாப்பிடுகிற ஆளா என்று தெரிய வேண்டும்.

உன்னை அணைத்து முத்தமிடும்,
தொட்டி தேய்க்கும் அப்பா,
பெலார்மினோ