வலது நுரையீரல், மேல் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

புது எக்ஸ்ரே மெஷின் வந்திருக்கிறது. நோயாளிகள் வருவதற்கு முன்னால் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று, கூட வேலை செய்கிறவள் என்னையே நிற்க வைத்தாள். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று எனக்கே சொன்னாள். சிரிப்பு வந்து படம் கெடப் பார்த்தது. அவள் டீ குடிக்கப் போனதும் திரையைப் பார்த்தேன். வலது நுரையீரல், மேல் பக்கம், புகை மாதிரி ஒரு நிழல்.

எந்த நிழலைக் கண்டால் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். இது அந்த நிழல்தான்.

முதல் நோயாளி வந்தார். வழக்கம்போல உள்ளே கூப்பிட்டேன்.

மார்ச் 5

டாக்டரிடம் காட்டவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.

— பொய்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? சாவுப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர். பேப்பரில் இரங்கல் பக்கத்தை உருவிவிட்டுத்தான் அவர் கையில் கொடுப்பேன். இரண்டு தும்மல் போட்டால் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வார். ஒரு வகுப்புப் பிள்ளைகளையே ஒரே பார்வையில் அடக்குகிற வாத்தியார்! பயந்தாங்கொள்ளி என்று கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்கிறேன்.

மார்ச் 8, சனி

வாஷிங் மெஷின் போடுவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"எதுக்கு இப்ப திடீர்னு?"

"எத்தனை நாளைக்கு நானே போடுறது?"

நீலச் சட்டையோடு வெள்ளைத் துண்டையும் போட்டுவிட்டார். துண்டு நீலமாகிவிட்டது. நான் இல்லாமல் இந்த மனுஷர் என்ன செய்வார்?

ஆச்சரியம், பயம் மட்டும் வரவில்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது. சாவும் ஒரு வேலை மாதிரிதான் போலிருக்கிறது, ஒவ்வொன்றாக முடித்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியது.

மார்ச் 11

டாக்டர் கூப்பிட்டார். சோதனைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இது? சடையைத் தூக்கிக் கட்டச் சொல்றதே இல்லையா நீங்க?"

சடை. தோளில் கிடந்த என் சடைதான் படத்தில் நிழலாக விழுந்திருக்கிறது. வருகிற பெண்களிடமெல்லாம் நாள் பூராவும் சொல்கிற அதே விஷயம்! நானும் மறந்தேன், எடுத்தவளும் மறந்தாள். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இரண்டு பேரும்.

"என்னோடதுதான் டாக்டர்."

அவர் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொண்டை போட்டுக்கொண்டு மறுபடி எடுத்தோம். நிழலே இல்லை.

மார்ச் 12

சந்தோஷமாக இருக்க வேண்டும்.

மார்ச் 13

ஒரு அம்மாவை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துவிட்டேன். பாவம், தாங்க முடியாமல் அவராகவே விட்டுவிட்டு, "போதுமாம்மா?" என்றார்.

நோய் இருக்கிறது என்று நம்பியபோது வராத பயம், இல்லை என்று ஆனதும் வந்திருக்கிறது. இந்தப் படம் தப்பு, சரி. சரியான படம் ஒன்று என்றைக்காவது வரும்தானே? செத்துப்போவேன். மற்றவர்கள் இல்லை, நான். இதை எழுதுகிற இந்தக் கை — ஐயோ, எல்லாரும் எப்படித்தான் தாங்குறாங்க?

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள் முடியாமல் எழுந்துவிட்டேன். அவர் என்ன என்று கேட்டார். நிழல், சடை, சாவுப் பயம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்ய அவருக்கு உரிமையும் உண்டு.

"எங்க வருது? நெஞ்சுலயா, வயித்துலயா?"

"வயித்துல."

"எனக்கும் அங்கதான்" என்றார், வெளியூரில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்துவிட்ட மாதிரி.

"போயிடுமா?"

"போகாது. சாயங்காலம் ஆனா கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். அப்பதான் நான் நடக்கப் போவேன்."

தினமும் பொழுது சாயும்போது அவர் கிளம்புவது தொப்பையைக் குறைக்க என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக. ஒரு நாளும் கூடப் போனதில்லை.

இன்றைக்கு அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் செருப்பையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு நின்றார்.